நான் வெட்டிப் போட்ட பத்தி

1. முதல் நாள்

பெரம்பலூரில் நான் ஜெராக்ஸ் கடை திறந்த முதல் நாள், முதல் கஸ்டமருக்கு வெறும் வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தேன். எழுத்து இருக்கிற பக்கத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். நான் மல்லாக்க வைத்துவிட்டேன். வந்தவர் ரிட்டயர்டு வாத்தியார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது, ஒண்ணுமே இல்ல?"

"இது பின்பக்கம் சார். முன்பக்கம் தனியா வரும்."

அவர் சிரித்துவிட்டார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்க வைத்தால் தப்பு மறைந்துபோகும் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அப்போதே யாராவது என் மண்டையில் ஒரு கொட்டு வைத்து அந்தப் பாடத்தை அழித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் பெயர் கலியபெருமாள். மூன்றாம் வகுப்பு வரை போனேன். பாஸா ஃபெயிலா என்று கேட்காதீர்கள், வாத்தியாருக்கே அதில் சந்தேகம் இருந்தது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அதற்கு முன்னால் ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கல் என் காலில் இறங்கியது. இரண்டு விரல் போனது. இனிமேல் உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்று ஆனபோது, என் மச்சான் திருச்சியில் யாரோ கழித்துப்போட்ட ஒரு ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக் கொடுத்தார். பெரம்பலூர் தனி மாவட்டமாகிக் கலெக்டர் ஆபீஸ் வந்திருந்த நேரம். ஊரில் எல்லார் கையிலும் ஒரு காகிதம் இருந்தது. எல்லாக் காகிதத்துக்கும் மூன்று காப்பி வேண்டியிருந்தது.

எனக்கு எழுத்து தெரியாதே தவிர, காகிதம் தெரியும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா, டி.சி. எல்லாவற்றையும் முகம் பார்த்தே சொல்லிவிடுவேன். சீல் எந்த மூலையில் விழும், எதில் பச்சை மையில் கையெழுத்து இருக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. நாலு மாதத்தில், "இதுக்கு இது மட்டும் போதுமா?" என்று ஆட்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் சொல்ல ஆரம்பித்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. "ஜெராக்ஸ் வக்கீல்" என்று பெயர் வைத்தார்கள். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். நான் நிஜமென்று எடுத்துக்கொண்டேன்.

2. மாஸ்டர் காப்பி

கடை வைத்திருப்பவர்களுக்கு மாஸ்டர் காப்பி என்றால் தெரியும். வேலைக்கு ஆள் எடுக்கிற அறிவிப்பு பேப்பரில் வரும். ஒரு முழுப் பக்கம், சில சமயம் இரண்டு பக்கம், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. அதை அப்படியே காப்பி எடுத்தால் நாலு தாள் ஆகும். கேட்டு வருகிறவர்களுக்கு வேண்டியது வயசு, படிப்பு, கடைசித் தேதி, அனுப்ப வேண்டிய அட்ரஸ், அப்ளிகேஷன் மாதிரி. அவ்வளவுதான். அதனால் நாங்கள் அந்தத் துண்டுகளை மட்டும் கத்தரித்து, ஒரே தாளில் ஒட்டி, மாஸ்டர் காப்பி செய்துகொள்வோம். வெட்டிய ஓரம் காப்பியில் கருப்புக் கோடாக விழும். அதன் மேல் வெள்ளை மை தடவிவிட்டால் போதும், பேப்பரிலேயே அப்படி அச்சடித்த மாதிரி இருக்கும். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். என் மாஸ்டர் காப்பியில் ஒட்டுப்போட்ட இடத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இங்கிலீஷ் அறிவிப்பு வந்தால் பக்கத்துக் கடை அமலா டீச்சரிடம் போவேன். டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். வயசு எங்கே, படிப்பு எங்கே என்று கேட்பேன். அவர் பென்சிலால் கட்டம் போட்டுக் கொடுப்பார். நான் வெட்டுவேன்.

தொண்ணூற்றெட்டில் மிலிட்டரி ஆபீசர் பள்ளிக்கு ஆள் எடுக்கிற பரீட்சை அறிவிப்பு வந்தது. பிளஸ் டூ முடித்த பையன்கள் எழுதலாம். பாஸ் பண்ணினால் அவர்களே படிக்க வைத்து ஆபீசர் ஆக்குவார்கள். நான் கேட்டதற்கெல்லாம் டீச்சர் கட்டம் போட்டார். கடைசியில் ஒரு நீளமான பத்தியில் பென்சிலை வைத்தார்.

"அண்ணே, இத வுட்டுட்டீங்க. எந்த நாட்டுக்காரங்க எழுதலாம்னு போட்டுருக்கு. படிக்கட்டுமா?"

"நாடா? நம்மூர்ல வெளிநாட்டுக்காரன் யாரு டீச்சர்? ஜெயங்கொண்டத்துக்காரனா, தா.பழூர்க்காரனா?"

அவர் சிரித்துக்கொண்டே, "ஒங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது" என்றார். அந்தப் பத்தி என் நாற்காலிக்குக் கீழே விழுந்தது. சாயந்தரம் கடை கூட்டும்போது மற்ற துண்டுகளோடு அதுவும் குப்பைக்குப் போனது.

அந்தப் பத்தியில் என்ன இருந்தது என்று கேட்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

3. யோகு

கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இலங்கை அகதிகள் முகாம். அங்கிருந்து யோகேஸ்வரன் என்று ஒரு பையன் வருவான். யோகு என்று கூப்பிடுவோம். ஐந்து வயதில் அம்மாவோடு போட்டில் வந்து இறங்கியவன். வேறொரு முகாமில் இருந்துவிட்டு இங்கே மாறி வந்தவர்கள். பிளஸ் டூவில் கணக்கில் ஸ்கூலிலேயே முதல் மார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்கு பெயிண்ட் அடிக்கப் போவான். காலையில் ரோட்டில் ஓடுவான். அவன் ஓடுவதைப் பார்த்துத்தான் பால்காரர்கள் மணி சொல்வார்கள்.

ஒரு நாள் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் ஜெராக்ஸ் கடை டீக்கடை ஆகிவிடும். ஏழெட்டுப் பேர் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். யோகு உள்ளே வந்து, தொங்கிக்கொண்டிருந்த மாஸ்டர் காப்பியைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணே, நாங்க மிலிட்டரில சேரலாமா?"

கூட்டம் இருக்கிறதே, சும்மா இருப்பேனா?

"சேரலாம் தம்பி. துப்பாக்கியக் குடுத்தா எந்தப் பக்கம் திருப்புவ? அத மட்டும் சொல்லிட்டு சேரு."

எல்லாரும் சிரித்தார்கள். முகாம்காரர்களை ஊரே சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம் அது. ஒருவர் அப்படித் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். யோகுவும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்:

"அஞ்சு வயசுல வந்துட்டேன்ணே. எனக்கு ஒரே பக்கந்தான் தெரியும்."

நான் டிரம்மைத் துடைக்கிற மாதிரி மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

4. கட்டம்

கரண்ட் வந்து கூட்டம் போன பிறகும் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா நிக்கிற?"

"நெசமாத்தான்ணே கேக்குறேன். பஜார்ல கூர்க்கா இருக்காருல்ல, அவரோட அண்ணன் நம்ம மிலிட்டரில இருக்காராம். அவங்க நேபாளம்தானே? வெளிநாட்டுக்காரங்க சேரலாம்னா நாங்களும் சேரலாம்ல?"

நியாயமான கேள்வி. படித்தவனிடம் கேட்டிருந்தால், தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றிருப்பான். அவன் வக்கீலிடம் கேட்டுவிட்டான்.

"அவங்க பொறக்கும்போதே தொப்பியோட பொறக்குறவங்கடா. அவங்களுக்குன்னு தனிச் சட்டம். ஒங்களுக்கெல்லாம் அப்படி ஒண்ணும் கெடையாது."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? இந்தா, கவருமெண்டு நோட்டீசு. முழுசா இருக்கு. ஒங்க பேரு எங்கயாவது இருக்கா பாரு."

என் மாஸ்டர் காப்பியின் ஒரு நகலை அவன் கையில் கொடுத்தேன். அவன் ஒரு வரி விடாமல் படித்தான். "எந்த நாட்டுக்காரங்க எழுதலாம்னு ஒண்ணுமே இல்லையேண்ணே" என்றான்.

"அதான். போடலன்னா கேக்க மாட்டாங்கன்னு அர்த்தம்."

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாளெல்லாம் யாருக்காவது நஷ்டம்தான். அப்ளிகேஷனில் மட்டும் எந்த நாடு என்று ஒரு கட்டம் இருப்பதை அவன் படித்துச் சொன்னான். அதைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுல இந்தியன்னு போடு."

"பொய் இல்லையாண்ணே?"

"என்னடா பொய்? ஒங்க தாத்தா எந்த ஊரு?"

"இங்க ஜெயங்கொண்டம் பக்கம் மீன்சுருட்டின்னுதான் அம்மா சொல்லும். அங்கருந்துதான் இலங்கைக்கு, தேயிலைத் தோட்டத்துக்குப் போனாராம். தோட்டத்துல குடுத்த பழைய சீட்டு ஒண்ணு அம்மா தகரப்பெட்டில இருக்கு. அதுல ஊர் பேரு போட்டுருக்கும்."

"அப்புறம் என்ன? மீன்சுருட்டிக்காரன் இந்தியன் இல்லாம சீனாக்காரனா? இந்தியன்னு போடு. முகாம் அட்ரஸப் போடாத, போட்டா தூக்கிக் கெடாசிடுவாங்க. என் வூட்டு அட்ரஸப் போடு. லெட்டர் வந்தா நான் கொண்டாந்து தரேன்."

அவன் யோசித்தான். நான் ஒரு பெரிய தியாகம் செய்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். என் வீட்டு நம்பரை, தெருவை நானே சொல்லச் சொல்ல அவன் எழுதினான். எழுதி முடித்துவிட்டு, "அண்ணே, ஒங்களுக்கு எதுவும் வந்துடாதே?" என்று கேட்டான்.

எனக்கு என்ன வரும் என்று கேட்டான். அவனுக்கு என்ன வரும் என்று நான் கேட்கவில்லை.

5. பெங்களூர்

பையன் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தான். சில மாதம் கழித்து என் வீட்டுக்கு ஒரு நீளக் கவர் வந்தது. பாஸ். பெங்களூரில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர்தான் படித்துச் சொன்னார். நான் கடையில் இருந்த எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தேன். "என் வூட்டுப் புள்ள ஆபீசராவப் போறான்" என்றேன். என் வீட்டு அட்ரஸ்தானே, தப்பில்லை என்று நினைத்தேன்.

யோகுவின் அம்மா சரஸ்வதி அக்கா கடைக்கு வந்து, "தம்பி, நீங்க இல்லன்னா இது நடந்துருக்காது" என்றார். அந்தத் தகரப்பெட்டிச் சீட்டையும் எடுத்து வந்திருந்தார். பழுத்துப்போய், மடித்த இடமெல்லாம் கிழிந்த காகிதம். நான் டார்க் கூட்டி வைத்து மூன்று காப்பி எடுத்தேன். மீன்சுருட்டி என்ற எழுத்து தெளிவாக விழுந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன்.

முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு யோகு போனான். நாலைந்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனவன், மூன்றாம் நாள் காலையிலேயே கடை வாசலில் நின்றான். போட்டிருந்த வெள்ளைச் சட்டை கசங்கவே இல்லை.

"என்னடா, ஒங்களுக்கு மட்டும் பரீட்சையச் சீக்கிரம் முடிச்சுட்டாங்களா?"

"மொத நாளே பேப்பர் பாத்தாங்கண்ணே. அப்ளிகேஷன்ல இந்தியன்னு இருக்கு. டி.சி.ல ஸ்ரீலங்கான்னு இருக்கு. எழுதி அனுப்புறோம், போன்னுட்டாங்க."

டி.சி. ஆயிரம் பேருடையது என் கை வழியாகப் போயிருக்கிறது. அதில் நாடு என்று ஒரு வரி இருப்பது எனக்குத் தெரியாது. சீல் எங்கே இருக்கும் என்று மட்டும்தான் தெரியும்.

"அதெல்லாம் சரியாயிடும், போ" என்றேன்.

6. "தெரியாது சார்"

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, துணை தாசில்தார் ஒருவர் கையில் ஃபைலோடு கடைக்கு வந்தார். நடுத்தர வயது, அமைதியான மனுஷன். அந்த நேரம் பார்த்து யோகுவும் கடையில் இருந்தான். அம்மாவின் ரேஷன் காகிதத்துக்குக் காப்பி எடுக்க வந்திருந்தான்.

"இங்க கலியபெருமாள் யாரு?"

"நான்தான் சார்."

"யோகேஸ்வரன்னு ஒரு பையன் மிலிட்டரி பரீட்சைக்கு ஒங்க வூட்டு அட்ரஸக் குடுத்துருக்கான். இந்தியன்னு எழுதியிருக்கான். முகாம்ல இருக்குற பையன். விசாரிச்சு அனுப்பச் சொல்லி மேல இருந்து காகிதம் வந்துருக்கு. இந்தப் பையன ஒங்களுக்குத் தெரியுமா?"

யோகு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு முதலில் கண்ணில் வந்தது என் கடை ஷட்டர். அதில் பூட்டு, பூட்டின் மேல் அரக்கு சீல். அப்புறம் என் பெண்டாட்டி முகம். வாய் தன்னாலேயே திறந்தது.

"தெரியாது சார். கடைக்கு ஆயிரம் பேரு வராங்க. எவனோ என் அட்ரஸத் தூக்கிப் போட்டுட்டான் போலருக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கூடவே சிரித்தேன். "நல்லவேள சார், பொண்ணு கேட்டு எழுதாம போனான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் என் ஜோக்குக்கு யாரும் சிரிக்காத சத்தத்தைக் கேட்டேன்.

யோகு ஒரு அடி முன்னால் வந்தான்.

"நான்தான் சார் யோகேஸ்வரன். இந்த அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. லெட்டர் வர ஒரு அட்ரஸ் வேணும்னு நானா எழுதிட்டேன்."

துணை தாசில்தார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். ஃபைலிலிருந்து முழு அறிவிப்பை எடுத்தார். என் மாஸ்டர் காப்பி மாதிரி ஒரு தாள் இல்லை அது, நாலு தாள்.

"ஏம்ப்பா, நல்லாப் படிக்கிற பையன். இதப் படிக்கலையா நீ? இந்தியக் குடிமகன் எழுதலாம். நேபாளம், பூட்டான்காரங்க எழுதலாம். அப்புறம் இத கேளு. இந்திய வம்சாவளில வந்தவங்க, இலங்கை மாதிரி நாடுகள்லருந்து இங்கேயே தங்கிடணும்னு வந்தவங்க, அவங்களும் எழுதலாம். மத்திய அரசுகிட்ட தகுதிச் சான்றிதழ் வாங்கணும். உண்மைய எழுதிட்டு அதுக்கு மனு போட்டுருக்கலாமே? கெடைக்கும்னு நான் சொல்லல. முகாம்ல இருக்குறவங்களுக்கு லேசுல குடுக்க மாட்டாங்க. ஆனா கேக்குறதுக்கு ஒரு வழி இருந்துச்சுல்ல? இந்திய வம்சாவளின்னு காட்ட எதாவது வெச்சுருக்கியா?"

"தாத்தாவோட தோட்டத்துச் சீட்டு இருக்குங்க சார். மீன்சுருட்டின்னு போட்டுருக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

யோகு மெதுவாகக் கேட்டான்: "சார், அது எந்தப் பக்கத்துல இருக்குங்க?"

"மொதப் பக்கத்துலயே இருக்கேப்பா."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. மாஸ்டர் காப்பி தொங்குகிற கம்பியைப் பார்த்தான். எனக்குக் கால் விரல் இல்லாத இடத்தில் வலித்தது.

துணை தாசில்தார் எழுந்து போகும்போது வாசலில் நின்று, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார்:

"பொய் எழுதிட்டான்னு அறிக்கை போனா, இவனுக்கு இந்தப் பரீட்சை இனிமே கெடையாது. யாராவது தப்பா வழி சொல்லி எழுத வெச்சுருந்தா, அந்த ஆளு வந்து ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுக்கலாம். நான் அப்படியே வெச்சு எழுதுவேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அறிக்கை போவுது."

7. மூன்று நாள்

புதன்கிழமை வாக்குமூலம் எழுதிக் கொடுக்கக் கலெக்டர் ஆபீஸ் கேட் வரை போனேன். கேட்டில் ஒரு போலீஸ்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை படி ஏறி வராந்தா வரை போனேன். அங்கே தெரிந்தவர்கள் நாலு பேர் நின்றார்கள்.

"என்ன வக்கீலே, இந்தப் பக்கம்?"

"கலெக்டரு கூப்ட்டு வுட்டுருக்காருப்பா. ஏதோ சட்டத்துல சந்தேகமாம்."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு உள்ளே போய், நான் ஒரு பையனைப் பொய் எழுத வைத்தவன் என்று எப்படிச் சொல்வது? படி இறங்கி வந்துவிட்டேன். கேட்பவர்களுக்கு இது சப்பைக்காரணமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டுப் போனேன். சாப்பிட்டுவிட்டுப் போனேன் என்பதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதத்தான் வேண்டும்.

துணை தாசில்தார் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அனுப்பிட்டேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"இப்ப எழுதிக் குடுத்தா ஆவாதுங்களா சார்?"

"அறிக்கை போனப்புறம் வந்து எழுதுனா, ஒங்க மேல கேசு வரும். அந்தப் பையனுக்கு அதனால ஒரு பிரயோசனமும் இல்ல. அவன் மேல கேசு வேணாம்னு என்னால ஆனதச் சொல்லி எழுதிருக்கேன். அவன் பேர அந்தப் பரீட்சைலருந்து எடுத்துடுவாங்க. நீங்க வூட்டுக்குப் போங்க."

வெளியே வந்தேன். வெயிலில் நின்றேன். எனக்கு அப்போது வந்தது வருத்தம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வந்தது நிம்மதி. கேஸ் இல்லை, கடைக்குப் பூட்டு இல்லை. டீக்கடையில் ஒரு வடைகூடத் தின்றேன்.

8. டீ

யோகு இனி அந்தப் பரீட்சை எழுத முடியாது என்று லெட்டர் வந்தது. அதுவும் என் வீட்டுக்குத்தான் வந்தது. டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு லெட்டரை மடித்து என் கையில் கொடுத்தார். அப்புறம், "அந்தப் பத்திதானேண்ணே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அதோடு சரி. எனக்கு இங்கிலீஷில் கட்டம் போட்டுத் தருவதை அவர் அன்றைக்கு நிறுத்திவிட்டார்.

லெட்டரை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். அதுவரை நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. பத்துக்குப் பத்து வீடு. சரஸ்வதி அக்கா ஒரே நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு டீ போட்டார்.

"என்னமோ எங்க நேரம் தம்பி. பேப்பர்ல ஏதோ கொறையாம், இவந்தான் கவனிக்காம எழுதிட்டானாம். நீங்க என்ன பண்ணுவீங்க? முகாம்காரப் புள்ளைக்குத் தன் வூட்டு அட்ரஸக் குடுக்க ஒரு மனசு வேணும். நான் சாமி கும்புடுறப்ப ஒங்களையும் சேத்துக்கிறேன்."

யோகு மூலையில் பெயிண்ட் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. அவன் அம்மாவிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியவன் நான். வாயில் டீ இருந்தது. விழுங்கினேன். இன்னொரு வாய் குடித்தேன். டம்ளர் காலியாகிற வரை எனக்கு நேரம் இருந்தது. காலி டம்ளரைக் கொடுத்துவிட்டு, "நல்ல டீக்கா" என்றேன்.

யோகு ரோடு வரை கூட வந்தான்.

"ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா அம்மா ஒங்க கடைக்கு வராது. பக்கத்துல வேற ஜெராக்ஸ் கடை இல்லையேண்ணே. மாசாமாசம் காப்பி எடுக்கணும்."

"கோவமில்லையாடா?"

"இருக்கு." கொஞ்ச தூரம் நடந்தான். "தெரியாதுன்னு சொன்னீங்களே, அதுக்கு இல்ல. அந்த எடத்துல யாரா இருந்தாலும் பயம் வரும். டீச்சர்கிட்ட போய்க் கேட்டேன். அந்தப் பத்தியப் படிக்கட்டுமான்னு அவங்க கேட்டாங்களாம். வேணாம்னீங்களாம். அதுக்குத்தான்."

எனக்கு ஒரு ஜோக்குகூட வரவில்லை. அவன் திரும்பிப் போனான். ரோட்டில் ஓடுவதை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. பெயிண்டிங் வேலையில் இருக்கிறான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

9. புதிதாகக் கடை வைக்கிறவர்களுக்கு

2007-இல் கடையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டேன். அந்த லெட்டர் வந்ததிலிருந்து கடையைக் கொடுக்கிற வரை நான் மாஸ்டர் காப்பி செய்யவில்லை. நாலு தாள் என்றால் நாலு தாள். "எதுக்குய்யா இவ்வளவு?" என்று திட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக வந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும் என்று விட்டேன். யாராவது, "இதுக்கு நான் எழுதலாமா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, முழுசாப் படிச்சுப் பாருங்க, இல்லன்னா ஆபீஸ்ல கேளுங்க" என்பேன். வக்கீல் என்ற பெயர் தானாகப் போய்விட்டது. தெரியாததைத் தெரியும் என்று ஒருவனிடம் சொன்னேன், தெரிந்த அவனையே தெரியாது என்று இன்னொருவரிடம் சொன்னேன். இரண்டையும் சரியான இடத்தில் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பையனின் வாழ்க்கை செலவானது. நீங்கள் செலவில்லாமல் கற்றுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். என் வாயில் வருகிறதைத் திருத்தி, புத்தகத்தில் போடுகிற தமிழாக ஆக்குகிறாள். இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, "அப்பா, அந்த அம்மா இதப் படிச்சுட்டா?" என்று கேட்டாள்.

அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். இன்னும் அதே முகாமில்தான் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் இப்போதும், "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்று நின்று கேட்கிறார். நானும் நின்று, ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறேன். நேரில் சொல்கிற தைரியம் எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. அதனால் மகளிடம், நிறுத்தாமல் எழுதம்மா என்று சொல்லியிருக்கிறேன்.

சரஸ்வதி அக்கா, யோகு கவனிக்காமல் எழுதவில்லை. இந்தியன் என்று போடச் சொன்னது நான்தான். சாமி கும்பிடும்போது என் பேரை எடுத்துவிடுங்கள்.